ஒற்றை வாசல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைகிற தேங்காய்ச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அனந்தன் நாயர் ஞாபகம் வந்துவிடும். நீல. பத்மநாபன் 1970இல் எழுதிய ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலின் நாயகர். தன்னை விட்டு வசதிக்காரர் ஒருவரோடு போய்விட்ட மனைவி கார்த்தியாயினியை நினைத்து நினைத்து இந்த ஊரைச் சுற்றுகிறவர். கதை நடப்பது ஏறக்குறைய இரண்டு நாள். மனசுக்குள் ஓடுவது ஓர் ஆயுள்.

மனம் அலைகிறபடியே எழுதுவதை நனவோடை உத்தி என்கிறோம். எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற சலுகைதான் அதில் பலரைக் கவிழ்க்கிறது. பத்மநாபனைத் தாங்கிப் பிடிப்பவை தெருக்கள். ஒரு குளப்படி, ஒரு கோயில் நடை, ஒரு முடுக்கு என்று ஏதாவதொன்று தட்டித்தான் அவரிடம் நினைவு எழும்புகிறது. பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி என்கிற கடிகாரம் அடிப்பதை ஒருமுறை நின்று பார்த்தேன். பொம்மை முகம் வாய் திறக்க, இரண்டு ஆடுகள் வந்து கன்னங்களில் முட்டுகின்றன. அடுத்த அடி விழுவதற்குள் என் பால்யம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டேன். அந்த நாவல் இயங்கும் விதம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

இதே ஊரில் வாழ்ந்த நகுலன் இன்னும் ஓரடி உள்ளே போனார். அவருடைய ‘நினைவுப்பாதை’ நாவலின் நவீனன் நினைப்பதோடு நிற்பதில்லை, தான் நினைப்பதையும் எழுதுவதையும் கவனித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு வாக்கியம் பிறக்கும்போது கூடவே பிறக்கும் சந்தேகத்தை இவ்வளவு நேர்மையாகத் தமிழில் வேறு யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தன்னையே பார்க்கிற கண்ணுக்கு ஊர் மங்கிவிடுகிறது. அவன் நினைவில் வரும் சுசீலா, ஓயாமல் கூப்பிடப்படும் பெயராகவே நின்றுவிடுகிறாள்.

கார்த்தியாயினிக்கும் அதே கதிதான். அவள் ஏன் போனாள், போன பிறகு என்ன நினைத்தாள் என்பதெல்லாம் அனந்தன் நாயரின் காயத்தின் வழியாகவே வருகின்றன. பிறர் பேச்சும் அவர் காதில் விழுந்த பிறகே நமக்கு எட்டுகிறது. பத்மதீர்த்தத்தின் பக்கத்திலிருக்கும் பத்மநாபசுவாமி சன்னிதியில் அனந்தசயனரை மூன்று வாசல் வழியாகத் தரிசிக்கிறோம்: ஒன்றில் திருமுகம், ஒன்றில் நாபிக்கமலம், ஒன்றில் பாதம். அவளுக்கு வாய்த்தது ஒரே வாசல். அவள் தனியாக இந்தத் தெருக்களில் நடந்திருந்தால் எந்தப் படிக்கட்டு அவளுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று, புத்தகத்தை மூடி வைத்து வருஷங்கள் ஆன பிறகும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.