மேல்நோக்கிய விழிகள்: விஜே லெ பிரன் தீட்டிய மதாம் கிரான்

தரங்கம்பாடி டேனிசுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில் அங்கே பிறந்த காதரின் வொர்லே என்னும் பிரான்சியப் பெண்ணின் உருவம், இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்திலே நீள்வட்ட ஓவியமாக விளங்குகின்றது. தீட்டியவர் எலிசபெத் விஜே லெ பிரன் அம்மையார் (1755–1842). தீட்டிய ஆண்டு 1783.

காதரின் பிற்காலத்தில் அரசியலறிஞர் தலேரானுக்கு மனைவியானார். அவரது பேதைமை பற்றி வழங்கும் கதைகள் பல. அவற்றைக் கேட்டபின் ஓவியத்தின் விழிகளில் வெறுமையைக் காண்பது எளிது. ஆயின் அத்திருமணம் நிகழ்ந்தது 1802இல். பத்தொன்பது ஆண்டு பிந்திய செய்தியை ஓவியத்தின்மேல் ஏற்றுதல் திறனாய்வாகாது.

பொடி தூவிய கூந்தல், நீலப் பட்டு நாடாக்கள், கையிலே இசைத்தாள்: இவை அக்காலப் பாரிசுச் செல்வ மகளிர் உருவங்களுக்குப் பொதுவானவை. பொதுமையினின்று இதனை வேறுபடுத்துவது பார்வையே. முகம் சற்றே சாய, விழிகள் மேலே செல்கின்றன. இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனி அருளாளர்க்கும் தவமகளிர்க்கும் இத்தகைய பார்வையைக் கொடுத்தார். அங்கே விழி நாடுவது வானகம் என்பது தெளிவு. இங்கே அது நாடுவது யாது? பாடலின் அடுத்த சுரமா, அன்றி அருகே நிற்கும் ஒருவரா? பக்தியின் சாயலை அழகிக்கு அணிகலனாக அம்மையார் இரவல் வாங்கினார் எனக் குறை கூறலாம். அக்குறை எனக்கும் ஓரளவு உடன்பாடே. நாடாவின் பட்டொளியிலே காணும் உறுதி விழிகளிலே இல்லை.

ஆயினும் ஒன்று நினைத்தற்குரியது. பதினைந்து வயதளவில், 1777இல், கும்பினி உத்தியோகத்தர் கிரான் என்பவரை மணந்தவர் இவர். 1778இல் ஆட்சிக்குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் இரவில் அவரது இல்லத்துட் புகுந்தமை வழக்காயிற்று. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் கணவருக்கு 50,000 ரூபா இழப்பீடு விதித்தது. மனைவிக்கு நேர்ந்த இழிவுக்கு விலை பெற்றவர் கணவரே. இவ்வாறு ஊரார் கண்ணெல்லாம் பட்ட முகம், ஓவியத்திலே எவர் கண்ணையும் எதிர்கொள்ளவில்லை.

அதே 1783இல் தான் அம்மையார் அரச கலைக்கழகத்திற் சேர்க்கப்பெற்றார். கணவர் ஓவிய வணிகர் என்பது தடையாகக் கூறப்பட்டபோது அரசி மேரி அன்ரனெற்றின் ஆதரவே துணைநின்றது. அவ்வாண்டுக் கண்காட்சியில் மதாம் கிரானின் உருவமும் அரசியின் உருவமும் இடம்பெற்றன. மெல்லிய வெண்ணுடையில் அரசியைக் காட்டிய ஓவியம் கண்டனத்துக்குள்ளாகி அகற்றப்பட்டது. எளிய உடையிலே நம்மை நேரே நோக்கும் அரசி பிழை செய்தவராகவும், விண்ணை நோக்கும் கிரான் பிழையற்றவராகவும் அக்காலத்தார் சிலருக்கேனும் தோன்றியிருத்தல் கூடும்.