கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்

2023 பிப்ரவரி 23, கேப் டவுன். மகளிர் டி20 உலகக்கோப்பை அரையிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 5 ரன்னில் தோற்றது. 52 ரன் அடித்து ஆட்டத்தைக் கையில் வைத்திருந்த ஹர்மன்ப்ரீத் கௌர், மட்டை தரையில் சிக்கி ரன் அவுட் ஆனார். ஆட்டம் முடிந்து மைக் முன்னால் வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தான் அழுவதை நாடு பார்க்க வேண்டாம் என்றுதான் இதைப் போட்டிருக்கிறேன் என்று அவரே சொன்னார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அழுததை அவர் மறைக்கவில்லை. செய்தியை நமக்குக் கொடுத்துவிட்டு, காட்சியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தோற்ற வீரர்களின் முகத்தை ஒளிபரப்புவது சரியா என்ற விவாதத்தில் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். ‘ரசிகனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கு’ என்கிறார்கள். இருக்கட்டும். தெரிந்துகொள்வதற்கும் உற்றுப் பார்ப்பதற்கும் நடுவே அந்தக் கண்ணாடியின் கனம் அளவுக்கு ஒரு இடைவெளி உண்டு.

நேரலையை நாம் ஜன்னல் மாதிரி நினைக்கிறோம். மைதானத்தைச் சுற்றி எத்தனை கேமரா இருந்தாலும் ஒரு நேரத்தில் திரைக்கு வருவது ஒன்றுதான். எது, எவ்வளவு நேரம் என்பதை ஓ.பி. வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் முடிவுசெய்கிறார். அப்படியென்றால் அதுவும் ஒருவர் எழுதும் பிரதி. நாவலிடம் கேட்பதை அதனிடமும் கேட்கலாம்: இந்த இடத்தில் ஏன் இவ்வளவு நேரம் நின்றாய்?

1996 மார்ச் 13, ஈடன் கார்டன்ஸ். இலங்கையின் 251-ஐத் துரத்திய இந்தியா, 98-க்கு 1 என்று இருந்தது 120-க்கு 8 ஆனது. கூட்டம் பாட்டில் எறிந்தது, இருக்கைகளுக்குத் தீ வைத்தது. ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார். 10 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற 24 வயது வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியே வந்தார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை வேறு. இழந்ததால் வருவது வேறு. இருந்த நிலையிலிருந்து தளர்ந்ததால் வருவது இன்னும் வேறு. காம்ப்ளி அழுதது இறுதிப்போட்டி கைநழுவியதற்கா? சொந்த நாட்டுக் கூட்டமே பாட்டில் எறிந்ததற்கா? நான் இன்னும் அவுட் ஆகலையே, ஆடவிடலையே என்பதற்கா? குளோஸ்-அப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்ணீரின் ரிசல்யூஷன் கூடக்கூடக் காரணத்தின் ரிசல்யூஷன் குறைந்துகொண்டே போகிறது.

விளைவு என்ன? 17 டெஸ்ட், 54.20 சராசரி, இரண்டு இரட்டைச் சதம். இது காம்ப்ளியின் கணக்கு. ஆனால் பெயரைச் சொன்னதும் நம் தலைக்குள் ஓடுவது அந்தச் சில விநாடிகள்தான். ஒரு ஆட்டக்காரனின் முழு வாழ்க்கையையும் ஒரு ஷாட் தின்றுவிட்டது. 1996-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் அவர் ‘அழுத ஆளு’தான்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து நம்ம சேப்பாக்கம். 1999 ஜனவரி 31, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். 271 இலக்கு. 82-க்கு 5 என்ற நிலையிலிருந்து முதுகுவலியோடு நின்று 136 அடித்தார் சச்சின். இன்னும் 17 ரன் வேண்டும் என்ற இடத்தில் அவர் அவுட். மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் விருதை வாங்கக்கூட சச்சின் வெளியே வரவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் அழுதுகொண்டிருந்ததைப் பின்னாளில் அவரே சொன்னார்.

அந்த அழுகையின் படம் நம்மிடம் இல்லை. அதனால் அந்தத் தோல்வியின் வலி ஏதாவது குறைந்ததா? சும்மா சொல்லக்கூடாது, கூடித்தான் போனது. மூடிய கதவுக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று நாமே நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நினைப்புக்குள் 136 ரன்னும் இருந்தது, முதுகுவலியும் இருந்தது, கடைசி 4 ரன்னும் இருந்தது.

2023 நவம்பர் 19-க்கு வருவோம். அகமதாபாத். டிராவிஸ் ஹெட் 137 அடிக்க, 42 பந்து மீதமிருக்கும்போதே உலகக்கோப்பை கைவிட்டுப் போனது. ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் அதிகபட்சமாக 5.9 கோடிப் பேர் பார்த்த ஆட்டம். சிராஜ் அழுவதும் ரோகித்தின் கலங்கிய கண்ணும் அன்று இரவே எல்லார் போனுக்கும் வந்துவிட்டன. இரண்டு நாள் கழித்து இன்னொரு வீடியோ: பிரதமர் நரேந்திர மோடி டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய் ரோகித், கோலியின் கைகளைப் பிடித்துப் பேசுகிறார், ஷமியை அணைத்துக்கொள்கிறார். ஷமி நன்றி சொல்லியிருந்தார். அந்த நன்றியைச் சந்தேகிக்க நமக்கு உரிமை இல்லை. துக்கம் கேட்கப் பெரியவர் போவது நம் பழக்கம்தான். ஆனால் துக்கம் கேட்பவரோடு கேமராவும் உள்ளே வந்தால், ஆறுதல் வாங்குகிறவன் ஆறுதல் வாங்குவதுபோல முகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கதவு ஒரே நாளில் திறந்ததில்லை. அந்தத் தொடர் முழுக்க, ஃபீல்டிங் கோச் திலீப் டிரெஸ்ஸிங் ரூமில் பதக்கம் கொடுக்கும் வீடியோக்களை பிசிசிஐயே வெளியிட்டது. நாம் எல்லாரும் ரசித்துப் பார்த்தோம். ஜெயித்த நாட்களில் சிரித்துக்கொண்டே திறந்த கதவு அது. தோற்ற நாளில் எப்படிச் சாத்துவது?

மறுதரப்பு பலவீனமானதில்லை. 2012 விம்பிள்டன் இறுதியில் தோற்ற ஆண்டி மர்ரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். முசுடு என்று அவரை ஒதுக்கிய பலர் அன்றுதான் அவரிடம் நெருங்கினார்கள். எங்கள் அருமனைப் பக்கம் துட்டி வீட்டில் வீடியோ எடுப்பதும் புதுசில்லை. கல்ஃபில் லீவு கிடைக்காத மகனுக்காக அடக்க ஆராதனையை யூடியூபில் லைவ் போடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விகாரமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. அந்த கேமரா யாருக்காக நிற்கிறது என்பது அங்கே அழுகிற எல்லாருக்கும் தெரியும்.

அழுவதை எங்கள் ஊரில் ‘கரையது’ என்போம். கரைதல் என்றால் உருகுதல். காகம் கரைவதுபோலக் கூப்பிடுதலும்தான். துட்டி வீட்டில் ஒருத்தி கரைந்தால் பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடிப்பாள். மர்ரே கரைந்தது எதிரே இருந்த கூட்டத்திடம். கூட்டம் கைதட்டிப் பதில் சொன்னது. சிராஜ் யாரையும் கூப்பிடவில்லை. பும்ரா வந்து அணைத்தார், அது போதுமானது. 5.9 கோடிப் பேரில் ஒருவர்கூட அவர் தோளைத் தொட முடியாது. தொட முடியாதவனுக்கு ஒரு அழுகையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அவன் என்ன செய்வான்? ஃபார்வர்டு செய்வான், மீம் போடுவான்.

என் தொழிலில் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பிறகு ‘போஸ்ட்மார்ட்டம்’ எழுதுவோம். அதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: யார் செய்தது என்பதைத் தள்ளிவைத்து, எது எப்படி உடைந்தது என்று எழுதுவது. தோல்வியை ஒளிபரப்புகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எப்படித் தோற்றோம் என்பதற்கு இரண்டு நிமிஷம், தோற்றவன் முகத்துக்கு இரண்டு நாள்.

கேமராவை அணைக்கச் சொல்லவில்லை. நார்வே செஸ்ஸில் ஆட்டத்தின் நடுவிலேயே வீரர் எழுந்துபோய் கேமராவிடம் தனியாகப் பேச ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் போகலாம். இல்லையென்றால் வேண்டாம். அதே போட்டியில் 2025 ஜூனில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்தியதுதான் உலகம் சுற்றியது. தோற்றுக்கொண்டிருந்த நிலையிலிருந்து குகேஷ் எப்படி மீண்டார் என்பதை அதில் பாதிப் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சேப்பாக்கத்தில் அன்று சச்சினின் முகம் கிடைக்கவில்லை. கிடைத்தது இன்னொன்று: பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓட, தோற்ற ஊரின் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கேமரா கொஞ்சம் பின்வாங்கினால்தான் இப்படி ஒரு ஷாட் அகப்படும். தோல்வி ஒரு ஆளின் கண்ணுக்குள் மட்டும் நடப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் அதில் சேர்த்திதான்.