தேடுபொறியில் நாஞ்சில்: தலைப்பும் விவரிப்பும்

தேடுபொறியின் முடிவுப் பட்டியலில் ஒரு பக்கத்தின் தலைப்பும், அதன்கீழ் வரும் ஓரிரு வரி விவரிப்பும் பக்கத்தை எழுதியவருடையவை என்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. பக்கத்தின் நிரலில் எழுதியவர் இடும் தலைப்பும் விவரிப்பும் தேடுபொறிக்கு வெறும் பரிந்துரைகள். ஆகஸ்ட் 2021-ல் கூகுள் தலைப்புகளை உருவாக்கும் முறையை மாற்றியபோது பல தளங்களின் தலைப்புகள் உரியவர்களைக் கேட்காமலே மாறின. எதிர்ப்புக்குப்பின், எழுதியவரின் தலைப்பே ஏறத்தாழ 87 விழுக்காடு பயன்படுவதாக அந்நிறுவனம் விளக்கமளித்தது. எஞ்சிய 13 விழுக்காட்டில்தான் சிக்கல்.

கன்னியாகுமரி மாவட்டம் இச்சிக்கலுக்கு நல்ல உதாரணம். ஊருக்கும் மாவட்டத்துக்கும் ஒரே பெயர். மாவட்டத் தலைநகரோ நாகர்கோவில். ஆங்கிலத்தில் மாவட்ட நிர்வாகம் இரண்டு 'என்' இட்டு எழுதுகிறது, சுற்றுலா விளம்பரங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன, பழைய ஆவணங்களில் அது கேப் கொமோரின். 'நாஞ்சில்' என்ற சொல் இன்னும் சிக்கலானது. அது கலப்பையின் பெயர். புறநானூற்றில் வரும் மலையின் பெயர். நாவலாசிரியர் நாஞ்சில் நாடனின் பெயரில் பாதி. 'நாஞ்சில்' என்று மட்டும் தலைப்பிட்ட பக்கம் இவற்றில் எதைப்பற்றியது என்பதை வாசகரும் அறியமுடியாது, இயந்திரமும் அறியமுடியாது.

தமிழில் இடமும் குறைவு. நீளமான தலைப்பைத் தேடுபொறி திரையின் அகலத்துக்கேற்ப வெட்டுகிறது. 'கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள' என்று தொடங்கினால் அதிலேயே பாதி வரி தீர்ந்துவிடும். அதற்கும் முன்னால் தளத்தின் பெயரை இடும் வழக்கம் வீண்பெருமை அன்றி வேறில்லை.

விவரிப்பு தரப்படாத பக்கங்களில் தேடுபொறி கட்டுரையிலிருந்தே வரிகளை எடுக்கிறது. பலசமயம் முதல் வரிகளை. தமிழ்க் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் பெரிய பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. 'நாஞ்சில் நாடு என்பது தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமைந்துள்ள ஒரு நிலப்பகுதி ஆகும்' என்னும் வகைத் தொடக்கம் எதையும் சொல்வதில்லை. தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நெல்விளையும் நிலம், திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து 1956-ல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். தேடிவந்த மாணவர் பக்கத்தைத் திறக்காமலே போனாலும் அதை அறிந்துகொண்டு செல்வார்.

தேடுபொறியைக் கட்டுப்படுத்தும் குறிகளும் உள்ளன. பக்கத்தின் ஒரு பகுதியைக் காட்டாதே என்று தடுக்கலாம். 2019 முதல் துணுக்கின் நீளத்துக்கு வரம்பிடலாம். ஆனால் இன்ன வரியைக் காட்டு என்று ஆணையிட வழியில்லை.