கலந்து கட்டிய ஜெட்

பெட்டியில் வந்த பாகங்களைப் படத்தில் உள்ளபடி ஒட்டுவதுதான் மாடல் கலை, இரண்டு மூன்று கிட்களின் (மாடல் பெட்டிகளின்) பாகங்களைக் கலந்து போர் விமானம் செய்வது வரலாற்றைத் திரிப்பது என்று சிலர் சொல்கிறார்கள். நிஜ விமானங்களே இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி. 1975-இல் இஸ்ரேல் அறிமுகப்படுத்திய 'கிஃபிர்' போர் விமானம், பிரெஞ்சு மிராஜ் விமானத்தின் உடலில் அமெரிக்க ஃபான்டம் விமானத்தின் ஜே79 எஞ்சினைப் பொருத்திப் பிறந்தது. புது எஞ்சின் அதிகக் காற்று கேட்டதால் காற்றுவாய்கள் அகன்றன. பின்னுடல் குட்டையாகிப் பருத்தது. வாலடியில் குளிர்ச்சிக்கென்றே இன்னொரு காற்றுவாய் முளைத்தது. மிராஜ் கிட்டின் பின்பகுதியை அறுத்து ஃபான்டம் கிட்டின் எஞ்சின் வாயைப் பொருத்துகிறவர், அந்தப் பொறியாளர்களின் சிக்கலையே சின்ன அளவில் சந்திக்கிறார்.

அப்படியானால் எதையும் எதனோடும் ஒட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒட்டலாம், ஆனால் 1/72 அளவில் 1 மி.மீ. பிசகு நிஜத்தில் 7.2 செ.மீ. புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்ததும், விரலுக்குத் தட்டாத மயிரிழை இடைவெளிகூடக் கண்ணில் படும். தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை ஊசியால் மறுபடி கீற வேண்டும். கற்பனை விமானமானாலும் காற்று எங்கே நுழைகிறது, சக்கரம் எங்கே மடங்குகிறது என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில்தான் இந்தக் கலையின் உரைகல். அதனால் பரணில் பாதியில் நிற்கும் கிட்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; இப்படிக் கலந்து கட்ட அவற்றின் பாகங்கள் உதவும்.