மாங்கா அடிக்கும் கையும் பிரேக் பிடிக்கும் காலும்

தெரு கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி வீசுகிறவனுக்கு நம் ஊரில் ஒரே பட்டம்தான்: ‘மாங்கா’. கல்லெறிந்து மாங்காய் அடிக்கிற மாதிரி வீசுகிறானாம். அடுத்த ஓவர் அவனுக்குக் கிடைக்காது. மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்தில் அந்தப் பட்டத்தோடு பவுண்டரிக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அமெரிக்காவில் பிறந்திருந்தால் அதே கையை வைத்தே பிழைத்திருப்பார்கள். பேஸ்பாலில் ‘பிட்சர்’ செய்வது அசல் மாங்கா அடிதான். சிறு மேட்டில் நின்று, ஏறத்தாழ 145 கிராம் பந்தை, 18.44 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்குக்கு விட்டெறிய வேண்டும். ஓடி வர அனுமதி கிடையாது. ஓர் எட்டில் மொத்த வேகத்தையும் எடுத்தாக வேண்டும்.

அந்த வேகம் கையில் பிறப்பதில்லை என்பதை பேஸ்பால்காரர்கள் கற்றுக்கொண்ட விதம் நமக்கு உதவும். நாம் இன்னமும் ‘அவனுக்கு நல்ல கை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2008-ல் நல்ல கை தேடி இந்தியாவுக்கே வந்தது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி. கிரிக்கெட் நாட்டில் வந்து தேடியதில் கிடைத்த இரண்டு பேருமே உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள்: ரிங்கு சிங், தினேஷ் படேல். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் சில மாதங்கள் பழகி, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு படமாகவும் வந்தது, ஏ.ஆர். ரஹ்மான் இசை. படம் சொல்லாத பாகம் எனக்கு முக்கியம். ரிங்குவின் பிந்தைய ஆண்டுகளைக் காயங்கள் விழுங்கிவிட்டன. ஒரு கட்டத்தில் பந்தை வைத்துவிட்டு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

ஈட்டிக்காரர்கள் ஏன் தேறினார்கள்? கடைசி எட்டில் முன்னங்காலை ஊன்றி, மடங்காமல் விறைத்து நிறுத்துவது ஈட்டி எறிதலின் உயிர். ஓடுகிற பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிற ஆள் முன்னால் பாய்வாரே, அதே கணக்குதான். கால் பிரேக், உடல் பஸ், கை அந்த ஆள். இடுப்பு முதலில் திரும்புகிறது, மார்பு பின்தொடர்கிறது, தோள் கடைசியாகச் சுண்டுகிறது. பிட்சரின் தோள் சுழலும் வேகம் வினாடிக்கு ஏழாயிரம் டிகிரியை ஒட்டி வரும். மனித உடலின் அசைவுகளில் இதற்கு மிஞ்சியது அரிது. அவ்வளவு வேகத்தில் போன கை, பந்தை விட்டதும் கண் இமைக்கும் முன் நின்றாக வேண்டும். நிறுத்துவது தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகள். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கோ முன்னங்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை ஏறும். எழுபது கிலோ பையன் ஒவ்வொரு பந்துக்கும் முந்நூற்றைம்பது கிலோவை ஒற்றைக் காலில் வாங்குகிறான். ஆறு பந்து ஒரு ஓவர், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பெரிதாக்க எல்லோருக்கும் ஆசை. பிரேக்கைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இந்திய வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் வீசினார். அப்பா தறிக் கூலி, அம்மாவுக்குச் சாலையோரச் சிக்கன் கடை. ஜிம், புரதப் பொடி என்ற பேச்சுக்கே இடமில்லை. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. இன்றைய பிட்சர்கள் காசு கொடுத்துச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு: இலகுவான பந்தை எறிந்து கையின் வேகத்தைக் கூட்டுவது, கனமான பந்தை எறிந்து பலத்தைக் கூட்டுவது. இதில் முதல் பாதியைச் சேலம் மாவட்டத்துக் காடு மேடெல்லாம் பையன்கள் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஸ்விங் ஆகாத, தைத்த விளிம்பில்லாத பந்தில் விக்கெட் வேண்டுமென்றால் காலடியில் குத்துவது ஒன்றே வழி. நடராஜனின் யார்க்கர் அங்கே பிறந்தது. அதே ஊரின் பெரியசாமி 2019 டி.என்.பி.எல்.லில் விக்கெட்டுகளை அள்ளியதும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடத்தை வைத்துத்தான்.

ஆனால் பந்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனக்கும்போது பிரேக்கும் அதே அளவு வேண்டாமா? கனப்பந்து விஷயத்தில் அமெரிக்காவே சூடுபட்டிருக்கிறது. பதின்ம வயதுப் பிட்சர்களை ஆறு வாரம் கனப்பந்து எறியவைத்த ஆய்வு 2018-ல் வெளியானது. வேகம் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. கூடவே கனப்பந்து எறிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கை காயம்பட்டது. சாதாரணப் பயிற்சி செய்த பையன்கள் தப்பித்தார்கள்.

நடராஜனின் பாதை சுலபமாக இருக்கவில்லை. 2015-ல் ரஞ்சியில் கால் வைத்ததுமே பந்துவீச்சு முறை மீது சந்தேகம். ‘மாங்கா’ என்ற பழைய பட்டம் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. முன்னாள் வீரர்களின் துணையோடு முறையைப் பிரித்துக் கட்டினார். 2020 ஐ.பி.எல்.லில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தார். வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியவர், டிசம்பர் 2-ல் ஒருநாள், டிசம்பர் 4-ல் டி20, ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். மார்ச்சில் புனேயில் சாம் கரனுக்கு எதிராகக் கடைசி ஓவரைக் காத்தார். ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை.

முழங்கால் போனதற்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர் அல்லாத நான் தீர்ப்பு எழுத மாட்டேன். செப்டம்பரிலிருந்து மார்ச்வரை அந்தக் கால்கள் வாங்கிய அடியை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் கணக்கு எந்த நோட்டிலும் இருக்காது. பேஸ்பாலில் இருக்கும். சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் 11, 12 வயதுக்காரன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66-ஐத் தொட்டுவிட்டாலே நான்கு நாள் ஓய்வு. கறாராக எண்ணுகிறார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கைத் தசைநாரை ஃபிராங்க் ஜோப் மாற்றிவைத்தபோது அது அதிசயம். அதன் பிறகு டாமி 164 ஆட்டம் ஜெயித்தார். அதே அறுவை பள்ளிப் பையன்கள்வரை இறங்கி வந்த பிறகே அவர்களுக்கு எண்ணத் தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடை தூக்கினால் கை இறுகிவிடும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. அதைக் காதில் வாங்காமல் எடை தூக்கிய நோலன் ரயன் 46 வயதுவரை எறிந்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் ரிங்குவுக்குக் கற்றுக்கொடுத்த அதே டாம் ஹவுஸ்தான்.

ஞாயிறு விடியலில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போனால் நம் பயிற்சி முறை முழுதாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைக்க ஓடும் பையன்கள். மலையேறி ஓடினால் பந்துவீச்சாளன் ஆகிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறி ஓடுவது நெஞ்சுக்கு நல்லது, தொடைக்கும் நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் காலடி மெதுவாகத்தான் விழும். வாங்கும் அடி குறைவு. மேலே போனவர்கள் டீ குடித்துவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடுகிறார்கள். பந்துவீச்சுக்கு வேண்டிய பாடமே இறக்கத்தில்தான் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. முன்னங்கால் செய்வதும் அதுதான். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பாலபாடம். அதற்காக இருபது வளைவையும் ஓடியே இறங்கச் சொல்லவில்லை, முட்டி போய்விடும். ஒரு வளைவு, நிதானமான நடை, அதில் தொடங்கினால் போதும்.

மற்றதற்கும் பெரிய செலவில்லை. பஸ்கி போடுங்கள், உட்காருவதற்கு நான்கு எண்ணும்வரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒற்றைக் காலில். பின்தொடைக்கு, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டபடி உடலை முன்னால் மெல்லச் சாய்ப்பது. தோளின் பின்பக்கத்துக்குக் கிழிந்த சைக்கிள் டியூப்பைக் கம்பியில் கட்டி இழுத்தாலே ஆகும். நடராஜன் 2023-ல் தன் ஊரில் மைதானமே திறந்துவிட்டார். அதுபோன்ற இடங்களில் பிட்ச் ரோலருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கோர் நோட்டும் பேனாவும் தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

போன வாரம் அடிவாரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையனைப் பிடித்தேன். நல்ல உயரம், இடது கை. மேலே எத்தனை வளைவு என்றேன். “இருபது” என்றான், யோசிக்காமல். நேற்று எத்தனை பால் போட்டாய் என்று கேட்டேன்.

“காலையிலயாண்ணா, சாயந்தரமாண்ணா?”