முன்னோடி: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

முன்னோடி என்பது முன்னால் ஓடுபவரைக் குறிக்கும் சொல். 'முன்' என்ற சொல்லில் தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வரும்போது இரட்டித்து 'முன்னோடி' ஆகிறது. இறுதியில் நிற்கும் இகரம் வினை செய்பவரைக் காட்டும் விகுதி. நாடோடி, வழிகாட்டி, படகோட்டி ஆகியவையும் இப்படிப் பிறந்தவையே. இந்த விகுதிக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. அஃறிணைக்கும் அது பொருந்தும். 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டியும் முன்னோடிதான், ஒரு நூலும் முன்னோடிதான்.

முன்னே செல்பவரைக் குறிக்கப் பழந்தமிழில் வேறு சொற்கள் இருந்தன. படையின் முன்னணிக்குத் தார், தூசி என்று பெயர். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் வரும் 'தார்' என்பதற்குப் பரிமேலழகர் தூசி என்றே உரை கொள்கிறார். நூலுலகில் முதனூல், வழிநூல் என்ற பகுப்பு நிலவியது. நன்னூல் அதனுடன் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கியது. வழிநூல் ஒன்று இருந்தால்தான் முதனூலுக்கு அந்தப் பெயர் நிற்கும். முன்னோடி என்ற சொல்லின் இன்றைய பொருளுக்கும் அடிப்படை இதுவே: பின்னே வருபவர் இல்லாமல் எவரும் முன்னோடி ஆக முடியாது.

நாட்டார் வழக்கில் இச்சொல் தெய்வத்தின் பெயராக வாழ்கிறது. முன்னோடி கருப்பு என்பவர் தலைமைத் தெய்வத்துக்கு முன்னே நிற்கும் காவல் தெய்வம். இங்கே 'முன்' என்பது நிற்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர காலத்தைச் சொல்லவில்லை.

உழவர் பேச்சில் இதற்கு இணையான சொல் 'முன்னத்தி ஏர்'. ஒரே நிலத்தில் பல ஏர்கள் வரிசையாக உழும்போது முதலில் சால் பிடிப்பது முன்னத்தி ஏர். அது கோணினால் பின்னால் வரும் ஏர்கள் எல்லாமே கோணும். அதனால் கை தேர்ந்த உழவரையும் பழகிய மாடுகளையும்தான் முன்னே விடுவார்கள். கரிசல் எழுத்தின் முன்னத்தி ஏர் என்று கி. ராஜநாராயணனைக் குறிப்பிடும்போது, அவர் முதலில் எழுதினார் என்பதோடு அவர் போட்ட சாலில் பலர் உழுதார்கள் என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. முன்னோடியை விடப் பொருள் செறிந்த சொல் இது. எழுத்துத் தமிழ் இதை இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்னோடிக்கு நேராக இன்று வைக்கப்படும் ஆங்கிலச் சொல் 'பயனியர்'. அது பட்டாளத்தில் பிறந்த சொல். படைக்கு முன்னே போய்க் காடு வெட்டிப் பாதை போடும் சிப்பாய்களுக்கு அந்தப் பெயர். 1780இல் சென்னையில் திரட்டப்பட்ட பயனியர் கம்பெனிகள்தான் பின்னர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவாக வளர்ந்தன. பயனியர் பாதை வெட்டுகிறவர். முன்னோடியின் சொற்பொருளில் அந்த வெட்டும் வேலை இல்லை. வழக்கில்தான் அது வந்து சேர்ந்தது.

சொல் அதிகம் புழங்குவது இலக்கிய வரலாற்றில். அங்கே 'முதல்' என்பதும் 'முன்னோடி' என்பதும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. தமிழின் முதல் நாவல் 1879இல் அச்சான, வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம். ஆனால் கதைப்போக்கிலும் பாத்திரங்களின் மனத்தைக் காட்டுவதிலும் பிற்கால நாவலுக்கு நெருக்கமாக நிற்பது பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராகத் தொடங்கி 1896இல் நூலான படைப்பு அது. வேதநாயகம் பிள்ளை முதல்வர், ராஜமையர் முன்னோடி என்று பிரித்துச் சொல்வதே நியாயம். சிறுகதையிலும் இந்த வழக்கு உண்டு. 1915இல் வந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' முதல் சிறுகதையா, 1910இல் வந்த பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' முதலா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கைப் பற்றியது. எந்தக் கதையின் வடிவத்தை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது என்ற கேள்விதான் முன்னோடியைத் தீர்மானிக்கும்.

மொழியியலில் கடினமான வழக்கு எல்லிஸுடையது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று, கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் 1816இலேயே நிறுவியவர் அவர். 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளியானது. திராவிட மொழியியல் அந்த நூலைப் பின்பற்றியே வளர்ந்தது. காலத்தால் எல்லிஸ் முந்தியவர். பின்தொடர்ந்தோரைக் கொண்டு பார்த்தால் கால்டுவெல்லே முன்னோடி. எல்லிஸின் பங்கை அண்மைக் கால ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவரை முதல்வர் என்று அழைப்பது அவர் பெருமையைச் சிறிதும் குறைக்காது.

அலுவலகத் தமிழில் சொல்லின் பொருள் விரிந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 1969இல் தொடங்கிய திட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 'முன்னோடி வங்கி' உண்டு. அதன் வேலை மற்ற வங்கிகளை ஒருங்கிணைப்பது. முன்னோடித் திட்டம் என்பது சோதனை ஓட்டம். கட்சி மேடைகளில் பொற்கிழி பெறும் 'மூத்த முன்னோடிகள்' நீண்ட நாள் உழைத்த தொண்டர்கள். வேளாண் துறையின் 'முன்னோடி விவசாயி' மட்டும் மூலப்பொருளை அப்படியே காக்கிறார். பதினான்கு நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, சதுர இடைவெளி விட்டு ஒருவர் நடுகிறார். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று தூர் வெடிப்பதைப் பார்க்கிறார். அடுத்த பட்டத்தில் அவரும் அப்படியே நடுகிறார். அந்த இரண்டாம் நடவுதான் முதலாமவரை முன்னோடி ஆக்குகிறது.

இரங்கல் குறிப்பிலும் விருதுப் பட்டயத்திலும் மூத்தவர் அனைவரையும் முன்னோடி என்று எழுதும் பழக்கம் சொல்லைத் தேய்த்துவிட்டது. வாழ்ந்த ஆண்டுகளுக்கு 'மூத்தவர்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒருவரை முன்னோடி என்று எழுதுவோர், அவர் வழியில் யார் யார் வந்தார்கள் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுத வேண்டும்.