தன்மையும் படர்க்கையும்: 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலின் கூற்றுமுறை

சிறுவன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையை அவன் வாய்மொழியாகவே கூறுவது அமெரிக்க நாவலில் வேரூன்றிய மரபாகும். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' (1884) இதற்கு முன்மாதிரி. அந்நூலில் ஏழு வகை வழக்குகளைக் கையாண்டுள்ளதாக ஆசிரியரே முன்குறிப்பில் தெரிவிக்கிறார். சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' (1951) நகர இளைஞனின் பேச்சுவழக்கில் அமைந்தது. இவ்விரண்டிலும் தன்மைக் கூற்று இறுதிவரை மாறுவதில்லை.

தமிழில் இவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது அசோகமித்திரனின் (1931-2017) 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). ஆசிரியர் செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்து, 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானத்திற்குள் இந்தியப் படை நுழைந்ததை ஒட்டிய காலத்தைச் சந்திரசேகரன் என்னும் கல்லூரி மாணவனின் வாழ்வினூடே நாவல் காட்டுகிறது. இதன் கூற்று நடை எழுத்துத் தமிழே. ட்வைனைப் போல் வட்டார வழக்கு அன்று. ஆயினும் அது 'நான்' என்றும் 'அவன்' என்றும் மாறி மாறி அமைகிறது.

இதனைக் கட்டமைப்பின் தளர்ச்சி எனக் கருத இடமுண்டு. நாவலின் முடிவு அக்கருத்தை ஏற்க விடுவதில்லை. கலவரத்திற்கு அஞ்சி ஓடும் சந்திரசேகரன் ஓர் இஸ்லாமியர் வீட்டினுள் புகுகிறான். தன் குடும்பத்தைக் காக்கும் பொருட்டு அவ்வீட்டுப் பெண் ஒருத்தி தன்னையே அவனுக்குத் தர முன்வருகிறாள். அஞ்சி வந்தவன் அங்கே அச்சம் தருபவனாகிவிடுகிறான். தன்னைப் பிறர் கண்ணால், ஓர் 'அவனாக'க் காண நேர்வதே அவன் அடையும் முதிர்ச்சி. தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையிலான ஊசலாட்டம் இம்முடிவிற்கு வாசகரை ஆயத்தப்படுத்துகிறது எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. தமிழில் எழுவாய் தொக்கு நிற்பினும் 'வந்தேன்', 'வந்தான்' என வினைமுற்று விகுதியே இடத்தை உணர்த்திவிடும். ஆங்கில இறந்தகால வினை இரண்டு இடத்திற்கும் ஒன்றே. மாற்றம் முழுவதையும் சுட்டுப்பெயரே சுமக்க வேண்டும். கோமதி நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பை (1993) மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் தகும். மலையாளத்திலும் 'வன்னு' என்னும் ஒரே வடிவம் மூவிடத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. கன்னடமோ 'பந்தெனு', 'பந்தனு' என இடவிகுதியைப் போற்றிவருகிறது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் அருகருகே ஒலிக்கும் சந்தாபுரா போன்ற பெங்களூர்ப் புறநகர்ப் பகுதியில் வாழும் வாசகர்க்குச் செகந்தராபாத்தின் பன்மொழிச் சூழல் புதிதன்று. கன்னடத்தில் இந்நாவலைப் பெயர்ப்பவர்க்கு மொழியமைப்பே துணைநிற்கும். எம்மொழியில் பெயர்ப்பினும், வாசிப்பு எளிமை கருதிக் கூற்றை ஓரிடத்ததாகச் சீர்செய்தல் கூடாது. அவ்வாறு செய்யின் கதை எஞ்சும். சந்திரசேகரன் வளர்ந்த வளர்ச்சி எஞ்சாது.